நறுக்கிய படம்

வத்திராயிருப்பில் பிறந்தவர்களுக்கு மேற்குத் திசை என்றால் மலைதான். தெருமுனையில் நின்றாலும் வயல் வரப்பில் நின்றாலும் மேற்குத் தொடர்ச்சி மலை கண்முன் எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் பிளவக்கல் அணைகளும், தென்னந்தோப்புகளும், மாந்தோப்புகளும் உள்ளன. அத்தகைய ஊரினனாகிய நான், கையில் ஒரு கேமரா கிடைத்ததும் இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். நான் எடுத்தவற்றுள் சிறந்தவை என்று நானே கருதிய பன்னிரண்டு படங்களை அச்சிட்டு அவரிடம் கொண்டு சென்றேன். பாராட்டுப் பெறவே சென்றேன்; குறை கேட்பது என் நோக்கமன்று. அவர் ஒன்றும் கூறாமல் பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, ‘ட’ என்னும் எழுத்தின் வடிவில் இரண்டு துண்டுகளாக வெட்டினார். ஒன்றை நேராகவும் மற்றொன்றைத் தலைகீழாகவும் படத்தின்மேல் வைத்தார். நடுவே ஒரு சாளரம் தோன்றிற்று. அட்டைகளை நகர்த்த நகர்த்த அச்சாளரம் சுருங்கிற்று, விரிந்தது.

முதற்படம் பிளவக்கல் அணையின் மாலைக் காட்சி. பாதி வானம், பாதி நீர், நட்டநடுவே ஒரு கொக்கு. வலப்பக்க மூலையில் மோட்டார் சைக்கிள் ஒன்றின் அரைச் சக்கரம். அதனை நான் அதுவரை கண்டதே இல்லை!

“படம் எடுத்தபோது உன் கண் கொக்கை மட்டும் பார்த்தது, கேமரா எல்லாவற்றையும் பார்த்துவிட்டது,” என்றார் பெரியவர். பிறகு, “நீர் இப்படிச் சரிந்து நிற்குமா, தம்பி?” என்று கேட்டுச் சிரித்தார்.

அட்டைகளைச் சற்றுத் திருப்பினார், நீர்மட்டம் நேராயிற்று. வெறுமையாய்க் கிடந்த வானத்தில் பெரும்பகுதியை மறைத்தார். சக்கரம் மறைந்தது. கொக்கு இடப்பக்கம் ஒதுங்கி, தன் முன்னே விரிந்த நீரை நோக்கி நின்றது. அதே படந்தான், ஆயினும் வேறு படம்.

அன்றிரவே என் படங்களையெல்லாம் கணினியில் நறுக்கத் தொடங்கினேன். புதிதாய்க் கத்தி பிடித்தவனுக்குக் கண்டதெல்லாம் வெட்டத் தோன்றும். நீளத்தில் பாதியும் அகலத்தில் பாதியும் வெட்டினால் எஞ்சுவது கால்பங்கே. 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்ட படம் 60 லட்சமாய்க் குறைந்துவிடும். பெரிதாக அச்சிடும்போது அதன் தெளிவும் குறையும். இக்கணக்கை நான் பொருட்படுத்தவில்லை.

அந்நாட்களில்தான், மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் சாம்பல் நிற மலையணிலைக் கண்டேன். நம் வீட்டு முற்றத்து அணிலைவிடப் பன்மடங்கு பெரியது. உடலினும் நீண்ட வால் உடையது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. இதனைக் காப்பதற்காக 1988இல் திருவில்லிபுத்தூர்ச் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் அது புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. கொம்பின் நுனியில் முன்சாய்ந்து நின்ற அணிலைப் படம் பிடித்தேன். பின்னர் அதன் மயிரும் மீசையும் சட்டம் நிறையத் தெரியுமாறு நாற்புறமும் நறுக்கினேன். நண்பர்கள் புகழ்ந்தனர்.

பெரியவர் மட்டும், “முழுப்படம் எங்கே?” என்றார்.

மனத்தாங்கலுடன் காட்டினேன். அணிலுக்கு வலப்பக்கம் அகன்ற வெற்றிடம். அதற்கப்பால் அடுத்த மரத்தின் கிளை. அக்கிளையின் நுனி புதிதாக வெட்டப்பட்டு வெளுத்திருந்தது.

“இந்த அணில் தரையில் இறங்குவது அரிது. கொம்புக்குக் கொம்பு தாவித்தான் போகும். மரங்களின் முடிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் கூடும் கட்டும். நீ வெறும் இடம் என்று வெட்டியது அதன் பாதையை, தம்பி.”

“அணில் மிகச் சிறியதாய்த் தெரியுமே, ஐயா!” என்று வாதாடினேன்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துப் பிரித்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டுயிர்ப் படங்கள் அவை. யானையைக் கண்டேன், யானையைச் சூழ்ந்த காட்டையும் கண்டேன். அதற்குமேல் வாதாட எனக்கு வாயில்லை.

வீட்டிற்கு வந்து, மேலே சிறிது வானத்தையும் கீழே முள்வேலியையும் மட்டும் நீக்கினேன். இடைவெளியை அப்படியே விட்டேன். அப்படத்தைத் தோப்புக்காரரிடம் கொடுத்தபோது அவர் அணிலைப் பார்த்ததைவிட வெட்டுவாயையே நெடுநேரம் பார்த்தார்.

“அந்தக் கொப்பை வெட்டச் சொன்னது நான்தான், தம்பி. கீழே போட்ட கன்றுகளுக்கு வெயில் வேண்டுமென்று வெட்டினோம்,” என்றார். சற்றுப் பொறுத்து, “அன்றைக்கு அது தாண்டிவிட்டதா?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. படம் நன்றாய் விழுந்துவிட்ட மகிழ்ச்சியில் கேமராவின் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கொம்பு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.