தானே விழிக்கும் கமரா

பார்ப்பவன் இல்லாத வேளையிலும் பார்த்துக்கொண்டிருக்கும் கருவியொன்று வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு நெடுங்காலமாக உண்டு. கடலின் ஏற்றவற்றத்தைத் தாமாகவே வரைந்துகொள்ளும் கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டன. துறைமுகப் பட்டினமாகிய திருகோணமலையில் வாழ்பவர்களுக்குக் கண்காணிக்கும் கருவிகள் புதியவை அல்ல. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை, இத்துறைமுகத்தின் ஆழத்தை அளந்தவர்களும், வந்துபோகும் கலங்களைக் குறித்துவைத்தவர்களும் ஆட்சியாளரே. அதன் பின்னரும் கரையையும் கடலையும் நோக்கும் கருவிகள் தளங்களின் மதில்களுக்கு உள்ளேயே இருந்துவந்தன. வலை இழுத்தவனும் மூட்டை சுமந்தவனும் பதியப்பட்டார்களேயன்றி எதையும் பதிந்தவர்களல்லர். அத்தகைய கருவி சாதாரண மக்களின் கைக்கு வந்தால் அது எதைப் பார்க்கும், யாருக்காகப் பார்க்கும் என்ற கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான் விஞ்ஞானம் கற்பிப்பவன். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத்தின் வீதிகளிலும் புள்ளிமான்கள் திரிவதை எங்கள் ஊரார் எல்லாரும் அறிவர். காட்டில் தழை மேயவேண்டிய பிராணி குப்பைமேட்டில் நின்று பொலித்தீன் பையை மெல்லும் காட்சியும் எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. இரவில் அவை எங்கே கூடுகின்றன, எதைத் தின்கின்றன என்று அறிய என் மாணவர் சிலர் விரும்பினர். அவர்களுள் ஒருவர் வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விட்டுச்சென்ற பழைய கைக்கமரா ஒன்று இருந்தது. சிறிய நாடாவில் பதியும் வகை. ஒரு நாடா ஓடுவது அறுபது நிமிடம். இரவோ பதினொரு மணி நேரத்துக்கும் மேல். ஆகவே ஏதாவது அசையும்போது மட்டும் தானே விழித்துப் பதிந்து, பின் தானே உறங்கிவிடும் துணைக்கருவி ஒன்றைச் செய்யத் துணிந்தோம்.

இத்தகைய கமராக்கள் இன்று கடையில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. எனினும் தேவை நெருக்கும்போது கருவியைத் தாமே செய்துகொள்வது நம் மக்களுக்குப் புதிதல்ல. 1990களில் யாழ்ப்பாணத்தின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு மின்கலங்களும் மறுக்கப்பட்டபோது, துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளுக்கு ஈயப்பற்றுக்கோலைப் பிடிக்கக் கற்றுத்தருவது பெரிய காரியமல்ல.

கருவியின் கண்ணாக அமைந்தது, உடலின் வெப்பத்திலிருந்து எழும் செங்கீழ்க் கதிர்களை உணரும் சிறு உணரி. அது இரு பாதிகளைக் கொண்டது. வெப்பமுள்ள உடலொன்று ஒரு பாதியின் பார்வையிலிருந்து மறு பாதியின் பார்வைக்கு நகரும்போது ஏற்படும் வேறுபாட்டையே அது அறிகிறது. அசையாமல் நிற்பவனை அது அறியாது. சூழலின் வெப்பமும் உடலின் வெப்பமும் நெருங்கிவிட்டாலும் அது குருடாகும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், எங்கள் கரையில் பகலில் அதனால் பயன் குறைவு. காற்றில் ஆடும் சூடேறிய கிளையைக்கூட அது பிராணியென்று நம்பும். இருட்டி, நிலம் குளிர்ந்த பின்னரே அதன் சொல்லை நம்பலாம்.

கமராவுடன் பேசுவது அடுத்த வேலை. அந்தக் காலத்து ஜப்பானியக் கைக்கமராக்கள் பலவற்றில் லாங்க் எனப்படும் ஒரு சிறு துளை உண்டு. அதன் ஒரே கம்பியில் கட்டளையும் பதிலும் மாறிமாறி ஓடும். எங்கள் நாட்டில் வழங்கிய பால் முறையில் ஒரு செக்கனுக்கு ஐம்பது தடவை, தடவைக்கு எட்டு எண்கள்: முதல் நான்கு நாம் சொல்வதற்கு, பின் நான்கு கமரா தன் நிலையைச் சொல்வதற்கு. பதியத் தொடங்கு என்பதற்கும் பதிவை நிறுத்து என்பதற்கும் கட்டளை ஒன்றே என்பது இதில் வேடிக்கை. ஏற்கெனவே பதிந்துகொண்டிருக்கும் கமராவிடம் அக்கட்டளையைச் சொன்னால் அது கண்ணை மூடிக்கொள்ளும். ஆகவே முதலில் உன் நிலை என்னவென்று கேட்டு, பதிலைப் படித்த பிறகே கட்டளையிடும்படி மாணவர் நிரலை எழுதினர். நாடா தேயாதிருக்கச் சில நிமிடங்களில் கமரா தானாகவே அணைந்துவிடும் இயல்புடையது. அதை முதலில் எழுப்பவேண்டியும் இருந்தது.

இங்கேதான் இக்கருவியின் உண்மையான எல்லை தெரிகிறது. உணரி அறிந்து, கமரா எழுந்து, நாடா உருளையில் சுற்றி, படம் நிலைபெறச் சில நொடிகள் ஆகின்றன. அந்தச் சில நொடிகளில் நடந்தது நாடாவில் இராது. மான் வந்த திசை இராது. அது நிற்பது மட்டுமே இருக்கும். எவ்வளவு திருத்தினாலும் தானியங்கிக் கருவி நிகழ்ச்சிக்குப் பிந்தியே வருகிறது. நிகழ்ச்சி தொடங்கிய பின்புதான் அதற்கு நிகழ்ச்சி உண்டென்பதே தெரியும்.

அயலவரின் சம்மதம் பெற்று, எவர் வீட்டு வாசலும் தெரியாதபடி குப்பைமேட்டை மட்டும் நோக்கிக் கமராவை வைத்தோம். மான்கள் வந்தன, நாய்களும் வந்தன. விடிவதற்கு முன், நாங்கள் எதிர்பாராத ஒருவரும் வந்தார். துப்புரவுத் தொழிலாளியான ஒரு பெண், கையுறை இல்லாத கைகளால், கிழிந்த பைகளுக்குள்ளிருந்து உடைந்த போத்தல்களைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தார். மான் ஆய்வு அந்தக் கணத்தில் மாணவருக்கு மறந்துபோயிற்று. இப்படத்தை எல்லாருக்கும் காட்டவேண்டும் என்று அவர்கள் கொதித்தெழுந்தனர்.

முதலில் அவரைக் கேட்போம் என்றேன். நாடாவைப் போட்டுக் காட்டியபோது அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதைக் காட்டுங்கோ சேர். ஆனால் என்ரை முகம் வேண்டாம். நாளைக்கும் நான் வேலைக்குப் போகவேணும்” என்றார். அதன் பின் அவரே தொடர்ந்து, நாடாவில் இல்லாதவற்றையெல்லாம் சொன்னார்: போத்தல்களை ஏன் தனியே ஒதுக்குகிறார், கையில் இருக்கும் தழும்பு எப்போது ஏற்பட்டது, மான்குட்டியின் வாயில் கண்ணாடி குத்திய நாள் எது என்று. எங்கள் கருவி பிந்திவந்த அந்த நொடிகளை அவருடைய சொற்கள் நிரப்பின. “அம்மா, இதை நீங்கள் சொன்னபடியே எழுதலாமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். “எழுது பிள்ளை. பேரை மட்டும் விடு” என்றார்.

முகம் வேண்டாம், பேர் வேண்டாம் என்ற அச்சம் அவர் ஒருவருக்கு உரியதல்ல. எங்கள் ஊரில் அதற்குச் சரித்திரம் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தனர் என்று படைத்தரப்பு முதலில் கூறியது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் ‘சுடர் ஒளி’யில் வெளிவந்தன. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை அப்படங்கள் காட்டின. அவரும் நிகழ்ச்சிக்குப் பிந்தியே கமராவை எடுத்தார். எனினும் காயம் உண்மையை வைத்திருந்தது. அதே மாதம் 24ஆம் திகதி திருகோணமலையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். இடையில் கழிந்தவை இருபத்திரண்டு நாட்கள். அக்கமராவில் தானியங்கும் உறுப்பு எதுவும் இல்லை. விசையை அழுத்தியது மனித விரல்; விலை கொடுத்ததும் அம்மனிதனே.

கொல்லப்பட்ட மாணவருள் ஒருவரின் தந்தையான வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரன் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008இல் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் முன் அவர் வெளிநாட்டிலிருந்து காணொளி இணைப்பின் வழியே சாட்சியமளித்தார். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லையென்று குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. படம் இருந்தது. அதனருகே நின்று பேசவேண்டியவர்களில் சிலர் இறந்துவிட்டனர். சிலர் திரும்பிவர அஞ்சும் தூரத்தில் இருந்தனர்.

வெளியுலகிலும் இதே பாடத்தைக் காணலாம். 1991 மார்ச் 3ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் பொலிசார் அடித்து நொறுக்குவதை, ஜோர்ஜ் ஹொலிடே என்பவர் தம் வீட்டு மாடத்திலிருந்து கைக்கமராவில் பதிந்தார். உலகமே அந்நாடாவைப் பார்த்தது. நாடா ஓடத் தொடங்குமுன் என்ன நடந்தது தெரியுமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டனர். 1992 ஏப்ரலில் மாநில நீதிமன்றத்து யூரிமார் பொலிசார் நால்வரில் ஒருவரையேனும் குற்றவாளியெனக் காணவில்லை. அடுத்த ஆண்டு மத்திய நீதிமன்றில் இருவர் தண்டிக்கப்பட்டனர். 2020 மே 25ஆம் திகதி மினியாபொலிசில் ஜோர்ஜ் புளொய்ட் கொல்லப்பட்டபோது, பதினேழு வயது மாணவி டார்னெல்லா பிரேசியர் அதைக் கைபேசியில் பதிந்தாள். அவள் பதிந்ததோடு நில்லாமல் நீதிமன்றம் ஏறியும் பேசினாள். அவளைப்போல் அருகில் நின்ற பலரும் பேசினர். வீதிகளில் மக்கள் திரண்டனர். 2021 ஏப்ரலில் அந்தப் பொலிஸ் உத்தியோகத்தன் குற்றவாளியாகக் காணப்பட்டான். கருவி முன்னேறியது உண்மையே. ஆனால் அருகே நின்று பேசியவர்களும், அவர்களுக்குப் பின்னால் திரண்ட மக்களும் இல்லாமல் அத்தீர்ப்பை எண்ணிப்பார்க்க முடியுமா?

இன்று ஏறத்தாழ ஒவ்வொரு கையிலும் கமரா இருக்கிறது. அதனாலேயே அநீதி மறைந்துவிடும் என்று நம்புகிற நண்பர்களை நான் அடிக்கடி காண்கிறேன். யந்திரம் பதியும், சாட்சி சொல்லாது. சாட்சி சொல்பவன் மறுநாளும் வேலைக்குப் போகவேண்டியவன், பிள்ளைகளை வளர்க்கவேண்டியவன், பஸ்சுக்காக வீதியில் நிற்கவேண்டியவன். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் இலங்கையில் நிறைவேறியது. 2023இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. சட்டப் புத்தகத்தில் எழுதிய பாதுகாப்பு கடற்கரை வீதியில் உண்மையாவதற்கு ஆசிரியரும் மாணவரும் தொழிலாளரும் சேர்ந்த அமைப்பு வேண்டும்.

எங்கள் மாணவர் தங்கள் கருவியின் குறிப்பேட்டில் இப்போது ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கின்றனர். ஒவ்வொரு பதிவுக்கும் நாள், நேரம், இடம் எழுதுகின்றனர். பிரதி இரண்டு எடுத்து இரண்டு வீடுகளில் வைக்கின்றனர். நாடாவில் இல்லாதது என்ன என்று அருகில் இருந்தவரைக் கேட்டு, அவர் சம்மதித்ததை மட்டும் எழுதிக்கொள்கின்றனர். அவர் பெயரைப் பகிரங்கமாக்குவதில்லை. கையுறை கேட்டு எழுதிய மனுவில் தொழிலாளியின் முகமோ பெயரோ இல்லை; அதன் கீழே அந்த வீதியில் வாழும் நாற்பது குடும்பங்களின் கையொப்பம் இருக்கிறது.