பிளேட்லெட் குறைந்தால் டெங்கு தானா?

2012-இல் நெல்லை மாவட்டம் டெங்குவால் திணறியது. அன்று இம்மாவட்டத்தில் இருந்து, 2019-இல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்ட கடையநல்லூரில் பாதிப்பு மிக அதிகம். இப்போது தாமிரபரணிக் கரையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "பிளேட்லெட் எம்புட்டு அண்ணாச்சி?" என்றுதான் கேட்கிறார்கள். குறைந்திருந்தால் டெங்கு என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். சரியா அது?

ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள் இருக்கும். கடைச் சரக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு குறைய மூன்று வழி.

ஒன்று, உற்பத்தி குறைவு. பி12, ஃபோலிக் அமிலப் பற்றாக்குறை, குடி, சில வைரஸ்கள், ரத்தப் புற்றுநோய் எல்லாம் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும்.

இரண்டு, சரக்கு சேதம். மலேரியா, சில மருந்துகள், உடலின் எதிர்ப்பு சக்தியே தட்டணுக்களை அழிக்கும் ஐ.டி.பி. நோய். டெங்கு இந்த இரண்டு வழியிலும் குறைக்கும்.

மூன்று, குடோனில் முடக்கம். கல்லீரல் கெட்டு மண்ணீரல் வீங்கினால் தட்டணுக்கள் அங்கேயே தேங்கும்.

கணக்குப் பிழையும் உண்டு! சிலருக்கு, சோதனைக் குழாயில் உள்ள ஈ.டி.டி.ஏ. ரசாயனத்தால் தட்டணுக்கள் கட்டிக்கட்டியாகச் சேர்ந்துவிடும். இயந்திரம் குறைவாக எண்ணிவிடும்.

ஆகவே எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெங்குவில் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். காய்ச்சல் விடும் சமயத்தில்தான் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். பப்பாளி இலைச்சாறு குடித்தாச்சே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்!