கணக்கு நோட்டும் கரும்பலகையும்



மேடைகளில் நின்று திரளான ஜனங்களுக்குப் பிரசங்கித்த ஊழியக்காரர்களின் வரலாறுகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். அவற்றால் பெலன் அடைகிறோம், தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் இம்மாதம் நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறவர் ஒருநாளும் மேடை ஏறாதவர். ஒரு சிற்றூரில் பகலில் ஆசிரியராகவும், காலையிலும் மாலையிலும் மளிகைக் கடைக்காரராகவும் வாழ்ந்து, தமது 96-ஆம் வயதில் 2018-ஆம் ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர். தமது பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. ஆகவே ஊரார் அழைத்தபடியே 'கடைக்கார வாத்தியார்' என்றே அவரை நானும் அழைக்கிறேன்.

தங்கம் விளைந்த ஊர்

அவர் பிறந்து வாழ்ந்து மறைந்த ஊர், கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயல். பெங்களூரில் வசிக்கும் வாசகர்களில் பலருக்கு அதுவே தாய்வீடு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் அது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் இறங்கியது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் அந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தத் தங்கத்தைத் தோண்டியவர்களோ லைன் வீடுகளில், ஒரே அறையில், பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார்கள்.

வாத்தியாருடைய தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து, இருமி இருமியே இளவயதில் மரித்தார். "என் மகன் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கக் கூடாது" என்பதே அவர் மனைவியிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தையாம். அந்தத் தாய் பல வீடுகளில் பாத்திரம் தேய்த்து மகனைப் படிக்க வைத்தாள். அவர் இருபதாம் வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியரானார்.

இளமையில் ஒரு ஜெபக் கூடுகையில் இரட்சிக்கப்பட்டு, மனைவியோடு தண்ணீர் ஞானஸ்நானம் பெற்றார். அப்பொழுது அம்மா தம்முடைய நகைகளைக் கழற்றி வைத்தார்கள். ஊரெல்லாம் தங்கத்தைத் தோண்டிக்கொண்டிருக்க, அவர்கள் வீட்டில் மட்டும் குன்றிமணித் தங்கமும் இல்லை. அந்த நகைகளை விற்ற பணமே கடைக்கு முதலாயிற்று. ஆசிரியர் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்ப்பது கடினமாயிருந்தது. ஆகவே பள்ளிக்கூட நேரத்தில் அம்மாவும், மற்ற நேரத்தில் வாத்தியாரும் கடையைப் பார்த்துக்கொண்டார்கள்.

கடையே வகுப்பறை

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, நாட்டில் அணா போய் நயா பைசா வந்தது. பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு பைசாவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சேர் போய்க் கிலோ வந்தது. படிப்பறியாத தொழிலாளர்களுக்கு இது பெரிய கலக்கம். எந்தக் கடையில் எவ்வளவு ஏமாற்றுகிறார்களோ என்று பயந்தார்கள்.

வாத்தியார் பழைய கரும்பலகை ஒன்றைக் கடை வாசலில் மாட்டி, அணாவுக்கு எத்தனை பைசா, சேருக்கு எத்தனை கிராம் என்று எழுதி வைத்தார். மூன்று அணாவுக்குச் சரியான கணக்கு 18.75 பைசா, முழுமையாக்கினால் 19. அவரோ 18 பைசாவே வாங்கினார். "உடைந்த காசு வாங்குகிறவன் பக்கம் போகட்டும்" என்பாராம். நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் கள்ளத்தராசைக் குறித்துச் சொல்லப்பட்டிருப்பதை அவர் பிரசங்கிக்கவில்லை. தராசுத் தட்டில் செய்து காட்டினார்.

இரவில் ஷிப்டு முடிந்து வருகிற ஆண்களுக்குக் கடைத் திண்ணையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பாடப்புத்தகம், பெரிய எழுத்து வேதாகமம். கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய என் தகப்பனார் கையெழுத்துப் போடப் பழகியது அந்தத் திண்ணையில்தான். மாற்கு சுவிசேஷத்தை முதன்முதலாகத் தாமே எழுத்துக் கூட்டி வாசித்து முடித்த இரவில், அப்பா வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிட்டார்.

எனக்கு அவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். கடைக்குச் சாமான் வாங்கப் போனாலும் விடமாட்டார். "கால் கிலோ பருப்பு, நூறு கிராம் எண்ணெய், ஐந்து ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? சொல்லிவிட்டு வாங்கிக்கொள்" என்பார். சரியாகச் சொன்னால் ஒரு வெல்லத் துண்டு. தப்பாகச் சொன்னால் இரண்டாம் முறை கேட்பார். அதன் பின்பு அதே வெல்லத் துண்டு.

சுரங்கம் மூடிய நாள்

பிரியமானவர்களே, இதுவரை எழுதியதைக் கொண்டு அவருடைய வாழ்க்கை இன்பமாகவே சென்றது என்று எண்ணிவிட வேண்டாம்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கு ஊதுவது நின்றது. சம்பள நாள் என்று ஒன்று இல்லாமற்போயிற்று. வாத்தியாருக்கு அப்போது வயது 79. அவருடைய பற்றுக் கணக்கு நோட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பாக்கி இருந்தது. வேலை போன பிறகும் பல மாதங்கள் அவர் அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மொத்த வியாபாரிகளுக்கு அவர் கொடுக்கவேண்டிய தொகையோ ஏறிக்கொண்டே போயிற்று.

விற்க நகை இல்லை. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில், இளைய மகன் வீடு கட்டுவதற்கென்று ஒரு மனை வாங்கி வைத்திருந்தார். அதை விற்றுக் கடனை அடைத்தார். மகன் இரண்டு ஆண்டுகள் தகப்பனாரோடு பேசவில்லை. ஊரார் வாத்தியாரைப் புண்ணியவான் என்றார்கள். அந்தப் புண்ணியத்தின் விலையைச் செலுத்தியது அவருடைய வீடு.

அம்மா ஒருநாள் அவரிடம் சொன்னார்கள்: "கொடுத்தது தருமம் என்றால் நோட்டை அடுப்பில் போடுங்கள். கடன் என்றால் போய்க் கேளுங்கள். இரண்டும் இல்லாமல் பிள்ளைகளை வாட்டாதீர்கள்." ஐம்பது ஆண்டு இல்லறத்தில் அம்மா அவரை எதிர்த்துப் பேசியதை அவர் அன்றுதான் கேட்டதாகப் பின்னாளில் என்னிடம் சொன்னார். "அந்த வார்த்தை கர்த்தரிடத்திலிருந்து வந்தது" என்றும் சொன்னார்.

மூன்று நாள் உபவாசித்து ஜெபித்தபின் நோட்டைத் திறந்தார். விதவைகள், நோயாளிகள், வேலை கிடைக்காதவர்கள் ஆகியோரின் பக்கங்களில் குறுக்குக்கோடு போட்டு, 'தீர்ந்தது' என்று எழிக் கையெழுத்திட்டார். பெங்களூரிலும் வேறிடங்களிலும் வேலை தேடிக்கொண்டவர்களுக்கு ஆளுக்கொரு தபால் அட்டை எழுதினார். எங்கள் வீட்டிற்கும் ஒன்று வந்தது. பாக்கி 1,840 ரூபாய் என்றும், முடிந்தபோது தரலாம் என்றும் எழுதியபின் ஒரு வரி சேர்த்திருந்தார்: "தர முடியாவிட்டாலும் எங்கள் வீட்டிற்கு வருவதை நிறுத்த வேண்டாம்."

அப்பா மூன்று தவணையாகக் கொடுத்தனுப்பினார். மாரிக்குப்பம் ரயிலில் அந்தப் பணத்தைக் கொண்டுபோனவன் நான். கடைசித் தவணையை எண்ணி வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கத்தில் கோடு போட்டு, "உன் அப்பாவின் கையெழுத்து இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

எல்லாரும் கொடுத்துவிடவில்லை. ஒரு கொத்தனாரின் மகன் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் தேடி வந்து தகப்பன் பாக்கியைச் செலுத்தினான். சிலர் பதிலே எழுதவில்லை. வேறு சிலர் வெட்கப்பட்டு, அவர் வருகிற ஆராதனைக்கே வராமல் நின்றுவிட்டார்கள். பணம் போனதைவிட அதுவே அவரை அதிகமாய் வருத்தியது. அவர்களுடைய பெயர்களைச் சொல்லிக் கடைசிவரை ஜெபித்தார்.

மகனும் திரும்பி வந்தார். கடன் வாங்கி வேறிடத்தில் சிறு வீடு கட்டினார். 2007-ல் வாத்தியாரின் கண்பார்வை மங்கிக் கடை மூடப்பட்டபின், பதினோரு ஆண்டுகள் தகப்பனாரைக் குளிப்பாட்டி, வேதம் வாசித்துக் காட்டியவர் அந்த இளைய மகனே.

நமக்கு என்ன?

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் கடன்பட்ட விதவை ஒருத்தியைக் காண்கிறோம். எலிசா அவளுக்காக அற்புதம் செய்தும், கடன் கொடுத்தவனை மறந்துவிடச் சொல்லவில்லை. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியில் ஜீவனம்பண்ணச் சொன்னார். பிலேமோனுக்கு எழுதிய பவுலோ, ஒநேசிமுவின் கடனைத் தம்முடைய கணக்கில் வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடனை நேர்மையாய்ச் செலுத்துவதும், பெலவீனனுடைய கடனைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதும் ஒரே சுவிசேஷத்தின் இரு பக்கங்கள். வாத்தியாருடைய நோட்டில் இரண்டும் இருந்தன.

மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் பிழைக்க வந்த அன்பானவர்களே, உங்கள் சொந்த ஊரிலும் இப்படி ஒரு கணக்கு நோட்டு இருக்கலாம். வரப்போகும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்களுக்கு எழுத்து அறிவித்தவரைத் தேடிச் சென்று பாருங்கள். உங்கள் பெற்றோர் கடன் சொல்லி அரிசி வாங்கிய கடை இருந்தால் விசாரியுங்கள். பாக்கி இருந்தால் செலுத்துங்கள். வெட்கத்தினால் ஒரு சபையை, ஒரு வீட்டைத் தவிர்த்துவருகிறீர்களானால், அந்த வாசலை மீண்டும் மிதியுங்கள். தாராளமாய்க் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் ஈகையின் பாரத்தை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்று கவனியுங்கள், மனைவி பேசும்போது கேளுங்கள்.

ஒருவரும் அறியாத சிற்றூர்களில் உண்மையாய் உழைத்து முடித்தவர்களின் கணக்கைக் கர்த்தர் அறிந்திருக்கிறார். அவர்தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஒருவருக்கும் அநியாயம் செய்யாதவர்களாகவும், ஒருவரையும் தள்ளாதவர்களாகவும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.