எடை போட்டு வாங்கிய கார்!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல்)

"டிப்ளமோ படிக்கிறவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிற சொந்தக்காரர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருத்தராவது உண்டு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே, "ஏன் தம்பி, பி.இ. கிடைக்கலையா?" என்று சாம்பாரோடு சேர்த்து ஊற்றிவிட்டுப் போவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல இதை எழுதவில்லை. நாம் இங்கே ஒர்க்‌ஷாப்பில் கற்றது, கடல் தாண்டி ஒருவர் ஒன்பதாயிரம் பவுண்டோடு நின்றபோது கை கொடுத்தது. அது நம் ஆண்டு மலரில் வரட்டுமே என்றுதான்!

அந்த ஒருவர் என் மாமா. அம்மாவுக்குத் தம்பி. இதே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். கோயமுத்தூரில் கொஞ்ச காலம், துபாயில் கொஞ்ச காலம் லேத் ஓட்டினார். அத்தை நர்ஸ். அத்தைக்கு இங்கிலாந்தில் வேலை கிடைக்க, பர்மிங்காம் பக்கத்தில் வுல்வர்ஹாம்ப்டன் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அங்கே மாமாவுக்குக் கிடைத்தது குடோனில் பெட்டி அடுக்குகிற வேலை. "ஸ்பேனர் புடிச்சு பதினாறு வருஷம் ஆச்சு மாப்ளே" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

2024-இல் ஒருநாள் போனில், "மாப்ளே, ஒரு கிட் கார் வாங்கப் போறேன். செகண்ட் ஹேண்ட்தான். நீதான் ஆட்டோமொபைலாச்சே, கூட இருந்து பாத்துச் சொல்லு" என்றார்.

கிட் கார் என்றால் என்ன? பாகம் பாகமாகப் பெட்டியில் வரும். வாங்கியவரே வீட்டு ஷெட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். இதில் புகழ்பெற்றது லோட்டஸ் செவன். காலின் சாப்மேன் என்ற இன்ஜினீயர் 1957-இல் கொண்டுவந்தார். கூரை கிடையாது, சொகுசு கிடையாது. இரண்டு சீட்டு, நீளமான மூக்கு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் முன் சக்கரங்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் முழு காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. அதனால்தான் இந்த வியாபாரம் சூடு பிடித்தது. 'பூட்டும் முறை' என்று எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதற்காக, 'கழற்றும் முறை' என்று எழுதிக் கொடுத்து, தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்களாம்! 1973-இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு அந்தக் காரின் உரிமையைக் கேட்டர்ஹாம் கம்பெனி வாங்கியது. 1980-களில் வெஸ்ட்ஃபீல்ட் அதே பாணியில் இறங்கியது. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகம் போட்டார். ஸ்கொயர் டியூபை அறுத்து, வெல்டிங் வைத்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் உறுப்புகளை மாட்டி, ஊர் ஊராக ஆட்கள் கட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு 'லோகாஸ்ட்' என்று பெயர்.

இதில் என்ன ஸ்போர்ட்ஸ் என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். நம்ம மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ, 37 குதிரைத்திறன். டன்னுக்கு 57. ஒரு வெஸ்ட்ஃபீல்ட் சுமார் 600 கிலோ. இரண்டு லிட்டர் ஃபோர்டு ஜீடெக் இன்ஜின் சுமார் 130 குதிரைத்திறன். டன்னுக்கு 215-க்கு மேல்! இன்ஜினைப் பெரிதாக்காமல் எடையைக் குறைத்தே வேகத்தைக் கூட்டுவது. பிரேக்குக்கும் வேலை குறைவு, டயருக்கும் வேலை குறைவு. சாப்மேனின் சூத்திரமே அதுதான்.

ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதுதான் சங்கதி இருக்கிறது. சாதாரண காரை வாங்கினால் ஒரு ஃபேக்டரியை நம்பி வாங்குகிறோம். கிட் காரை வாங்கினால் முகம் தெரியாத ஒரு மனிதனின் கையை நம்பி வாங்குகிறோம். அவன் ஒழுங்காக வெல்டு வைத்தானா, நட்டை முழுசாக முறுக்கினானா, அவனுக்குத்தான் வெளிச்சம்.

அத்தை போனை வாங்கி ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஆக்சிடென்ட் கேஸ் தெனம் பாக்குறவ நான். உங்க மாமா ஆசைப்படுறாரு, தடுக்க மனசு வரல. நீ சரின்னு சொன்னா எனக்கும் சரி." பத்தொன்பது வயசுப் பையன் தலையில் இப்படி ஒரு பாரத்தை வைத்தால்? அன்றிரவு தூக்கமே வரவில்லை.

நம் நேரம் இரவு ஒன்பதரை, அங்கே சாயங்காலம் ஐந்து. வீடியோ காலில் மாமா கண்ணாக இருந்தார், ஹாஸ்டல் மொட்டை மாடியில் நான் வாயாக இருந்தேன். மூன்று கார் பார்த்தோம்.

முதல் கார் சிவப்பு. லோகாஸ்ட் வகை, 1997-இல் பதிவு. பார்த்தவுடன் மாமா சொக்கிவிட்டார். அட்வான்ஸ் கொடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டேவிட்டார். நான் முதலில் கேட்டது, "மாமா, ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்க." சூடாக இருந்தது. நாம் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் புகையும் சத்தமும் உண்மையைச் சொல்லும். அடுத்து, "போனைக் கீழே கொண்டு போங்க" என்றேன். முன் விஷ்போன் மாட்டியிருக்கிற பிராக்கெட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வெல்டிங் எலிப்புழுக்கை மாதிரி உருண்டு உருண்டு மேலேயே உட்கார்ந்திருந்தது. உலோகத்துக்குள் இறங்கவே இல்லை. முதல் வருஷ ஜாபில் நாம் அப்படி வைத்திருந்தால் இன்ஸ்ட்ரக்டர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, இரண்டு துண்டாக நம் கையிலேயே கொடுத்திருப்பார். போல்ட்டைப் பார்த்தால், பிராக்கெட்டுக்குள் மரை ஓடுகிறது. ஷியர் லோடை போல்ட்டின் வழுவழுப்பான தண்டு தாங்க வேண்டும், மரை தாங்கக் கூடாது என்று எஸ்.ஓ.எம். வகுப்பில் தூங்கியவனுக்குக்கூடத் தெரியும்! கடைசியாக இஞ்ச் டேப். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இடது பக்கம் ஓர் அளவு, வலது பக்கம் ஓர் அளவு. 14 மில்லிமீட்டர் வித்தியாசம். சேஸிஸே கோணல்.

பெரியவரிடம் எப்படிச் சொல்வது? "மாமா... வேணாம்" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "பெயின்ட் நல்லா இருந்துச்சு மாப்ளே" என்றார் மெதுவாக. பெயின்ட் வெல்டைப் பிடித்துக்கொண்டு நிற்காதே!

இங்கே ஒரு விஷயம். வீட்டில் கட்டிய கார்களுக்கு எஸ்.வி.ஏ. என்ற அரசுப் பரிசோதனை 1998-இல்தான் அங்கே வந்தது. 2009-இல் அது ஐ.வி.ஏ. ஆனது. 1998-க்கு முன் பதிவான கார் அந்தச் சல்லடையில் விழுந்ததே இல்லை. வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை உண்டு, ஆனால் அதில் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். அதனால் இந்த வகைக் காரில் பதிவான வருஷம் முக்கியமான கேள்வி.

இரண்டாவது கார் மஞ்சள். மோட்டார் பைக் இன்ஜின் போட்டது. அதன் சத்தம் இருக்கிறதே, ஹாஸ்டலே எட்டிப் பார்த்தது! ஆனால் பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் ஏது? தனியாக ஏதாவது மாட்ட வேண்டும், அந்தக் காரில் மாட்டியிருந்த மோட்டார் வேலை செய்யவில்லை. டயரில் பட்டன் புதுசு போல் இருந்தது. ஓரத்தில் இருந்த நான்கு எண்களைப் படிக்கச் சொன்னேன்: 2309. அதாவது 2009-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. பதினைந்து வயசு ரப்பர்! போதாக்குறைக்கு, மாமா உள்ளே இறங்கினார், வயிறு இறங்கவில்லை. அத்தை சிரித்த சிரிப்பு எனக்கு இங்கே வரை கேட்டது.

மூன்றாவது கார் வெஸ்ட்ஃபீல்ட். 2000-இல் பதிவு. பச்சை நிறம் வெளுத்துப் போயிருந்தது. நம்பரை வாங்கி நானே எம்.ஓ.டி. வரலாற்றைப் பார்த்தேன். அங்கே அரசாங்க இணையதளத்தில் நம்பரைத் தட்டினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மைல் கணக்கு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்காக ஏறியிருந்தது. விற்றவர், காரைக் கட்டியவரே. வயசான மனிதர், முழங்கால் வலியால் உள்ளே ஏறி இறங்க முடியவில்லையாம். ஒரு தடிமனான ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். சேஸிஸ் பெட்டியிலிருந்து இறங்கிய நாள் முதல் ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ, ரசீது, எஸ்.வி.ஏ. சான்று.

நான் பார்க்கச் சொன்னது டேஷ்போர்டுக்கு அடியில். யாரும் பார்க்காத இடத்தில்தான் ஆள் தெரிவான். தகட்டில் ஒயர் நுழைகிற ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம். அது இல்லாவிட்டால் அதிர்வில் தகடு ஒயரை அறுத்துத் தீப்பிடிக்கும். பிரேக் பைப் சீரான இடைவெளியில் கிளிப் போட்டு ஓடியது. ஒவ்வொரு நட்டிலும் ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு. டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளம், கோடு விலகினால் நட்டு தளர்ந்தது தெரியும். வெல்டிங்? ஒரே சீராக, அடுக்கி வைத்த காசு மாதிரி!

குறை இல்லாமல் இல்லை. பின் மூலையில் பவுடர் கோட்டிங் வெடித்து உள்ளே துரு. பெட்ரோல் ஹோஸ் பழசு. 2021-லிருந்து அங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பருக்கு அது ஆகாது. பின் மட்கார்டில் நட்சத்திர விரிசல். அடியில் பார்க்கச் சொன்னேன், சக்கரம் அடித்த கல்லால் வந்ததுதான், மோதல் இல்லை. மூன்றையும் சொல்லி விலை பேசினோம். 8,750 சொன்னவர் 8,200-க்கு இறங்கினார்.

அத்தை கேட்டார், "பத்திரமான காரா தம்பி?"

"பத்திரமான கார்னு சொல்ல மாட்டேன் அத்தை. ஏர்பேக் இல்ல, கூரை இல்ல. ரோல் பாரும் நாலு முனை பெல்ட்டும் இருக்கு. ஆனா ஒழுங்கா செஞ்ச கார். மழையில எடுக்க வேணாம்னு மாமாகிட்ட சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றார்.

சாவி கொடுக்கும்போது அந்தப் பெரியவர் மாமாவிடம், நீங்கள் இன்ஜினீயரா என்று கேட்டாராம். "ஆமா, மெக்கானிக்கல்னு சொன்னேன் மாப்ளே" என்றார் மாமா. பதினாறு வருஷத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாம். சொல்லும்போது குரல் வேறு மாதிரி இருந்தது. மறு வாரமே ஹோஸ் எல்லாவற்றையும் தன் கையாலேயே மாற்றிவிட்டார்.

நண்பர்களே, நாளைக்கு நீங்கள் பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கினாலும் சரி, டிராக்டர் வாங்கினாலும் சரி, பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். குனிந்து அடியில் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கேளுங்கள். டேப் வைத்து அளந்து பாருங்கள். தேவையான அறிவு நம் சிலபஸிலேயே இருக்கிறது!

இன்னொன்றும் உண்டு. நம் கையால் செய்த ஒரு ஜாபையும் இருபத்தைந்து வருஷம் கழித்து யாரோ ஒருவன் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பான். நம் பெயர் அவனுக்குத் தெரியாது. ஆனால் நாம் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும். அடுத்த முறை வெல்டிங் பூத்தில் நிற்கும்போது, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று அவசரப்படாமல், அவனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.