தீங்கே இல்லாத போதை இருந்தால்?



ஏற்காட்டில் மஃக்ரிப் தொழுகைக்குப் பின் பெரிய பிள்ளைகளுக்கு நடைபெறும் வகுப்பில் ஒரு நாள் மது பற்றிய பாடம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், ஈரல் கெடாது, தலைவலி வராது, சண்டை மூளாது, காசும் செலவாகாது. அப்படி ஒரு போதை மருந்து இருந்தால் அதுவும் ஹராமா?" என்று கேட்டார். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்ட்' என்னும் அறிவியல் புனைகதையை அவர் அண்மையில் வாசித்திருந்தார். அதில் வரும் 'சோமா' என்ற மாத்திரைதான் அக்கேள்விக்குக் காரணம். நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் பேசப்பட வேண்டிய கேள்வி என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கதையில் அரசே சோமாவை மக்களுக்கு வழங்குகிறது. வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார்கள். கவலை எட்டிப்பார்த்தால் ஒரு மாத்திரை. கோபம் வந்தால் இன்னொன்று. விழித்தெழும்போது உடல் வருத்தம் ஏதும் இராது. எனவே அந்நாட்டில் அழுபவரும் இல்லை, அநீதியைத் தட்டிக்கேட்பவரும் இல்லை. லிண்டா என்ற பெண் இடைவிடாமல் சோமாவிலேயே மூழ்கிக் கிடக்கிறாள். மரணப் படுக்கையில் மகன் அவள் கையைப் பற்றி நிற்கும்போது, மயக்கத்தில் அவள் வேறொருவனின் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். பெற்ற பிள்ளை அருகில் நின்றும் தாய் அவனிடம் இல்லை. தீங்கற்றது என்று சொல்லப்பட்ட மருந்து பறித்தது இதைத்தான்.

மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது? 'கம்ர்' என்ற அரபுச் சொல்லின் வேர், மூடுதல் என்ற பொருளுடையது. பெண்கள் தலையை மூடும் 'கிமார்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ர் என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. மதுவில் மக்களுக்குச் சில பயன்களும் உண்டு, ஆயினும் அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்று அல்பகரா அத்தியாயம் கூறுகிறது. பயனே இல்லை என்று குர்ஆன் வாதிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இறுதித் தடை வந்த அல்மாயிதா அத்தியாயம் பகைமையையும் வெறுப்பையும் சொல்வதோடு, இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் மனிதன் தடுக்கப்படுவதையும் காரணமாகக் கூறுகிறது. ஈரலுக்குக் கேடில்லை என்பதால் இந்தக் காரணம் நீங்கிவிடாது. ஷரீஅத்தின் நோக்கங்களாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வகுத்த ஐந்தில், உயிரைக் காப்பது ஒன்று, அறிவைக் காப்பது மற்றொன்று. உயிருக்குக் கேடில்லை என்று நிரூபித்தாலும் அறிவின் கணக்கு தனியே நிற்கிறது. எனவே சோமாவும் கம்ர்தான் என்று அந்த மாணவருக்கு விடை கூறினேன்.

இது புதிய வாதமுமன்று. கஞ்சாவின் பெயர் குர்ஆனிலோ ஹதீஸிலோ இல்லை. அது முஸ்லிம் நாடுகளில் பரவியபோது அறிஞர்கள் பெயரைப் பார்க்கவில்லை, விளைவைப் பார்த்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞரான இமாம் ஸர்கஷீ (ரஹ்) அதன் தடை பற்றித் தனி நூலே எழுதினார்.

அதே அளவுகோல் காப்பிக்கு வேறு தீர்ப்பைத் தந்தது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இது சுவையான வரலாறு. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபியாக்கள் இரவு திக்ரில் கண்விழித்திருக்க அதைப் பருகினார்கள். அதற்கு அமைந்த 'கஹ்வா' என்ற பெயர் பழைய அரபியில் மதுவையும் குறித்தது. 1511இல் மக்காவில் கைர் பேக் என்ற அதிகாரி காப்பியைத் தடை செய்தார், தடை நீடிக்கவில்லை. தொடர்ந்து ஆராய்ந்த உலமாக்களில் பெரும்பாலோர், அது அறிவை மூடுவதில்லை என்று கண்டு அனுமதித்தார்கள். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் பயிரிடச் செய்தது அந்தக் காப்பியைத்தான்.

தீங்கில்லாத போதை என்ற பேச்சு கதையில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஒரு மருந்தை இருமலுக்கு விற்கத் தொடங்கியது. மார்ஃபினைப் போல் அது அடிமைப்படுத்தாது என்று நம்பப்பட்டது. அதன் பெயர் ஹெராயின். இன்று நம் ஊர்ப் பையன்களிடமும் அதே பேச்சுதான் வருகிறது: "வாடை வராது, வீட்டில் தெரியாது, டாக்டர் எழுதித் தருகிற வலி மாத்திரைதானே!" வலியால் துடிப்பவருக்கு மருத்துவர் அளவறிந்து கொடுப்பது சிகிச்சை, அதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. அதே மாத்திரையை மயக்கத்திற்காக விழுங்குவது வேறு. பழகப் பழக உடல் கூடுதலாகக் கேட்கும். நிறுத்தினால் நடுக்கமும் வேதனையும் வரும். அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடும்.

நம் சேலம் மாவட்டத்திற்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. ராஜாஜி முதல்வராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கு வந்தது இங்கேதான். 1971இல் மாநிலத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசு நிறுவனமே கடை நடத்துகிறது. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சட்டம் வரும், போகும். உள்ளத்தில் இருக்கும் தடுப்புதான் பிள்ளையோடு எல்லா இடத்திற்கும் போகும்.

ஆகவே பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். "குடித்தால் உடம்பு கெடும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "இது உடம்பைக் கெடுக்காது" என்று ஒரு நண்பன் சொல்லும் நாளில் அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்காது. அறிவு அல்லாஹ் தந்த அமானிதம், ஐந்து நிமிடம்கூட அதை அடகு வைக்க நமக்கு உரிமையில்லை என்று சொல்லிக் கொடுங்கள். கவலையும் அழுகையும் வந்தால் வீட்டில் கொட்டித் தீர்க்க இடம் கொடுங்கள். சோமாவைத் தேடுபவன் பெரும்பாலும் ஆறுதலைத்தான் தேடுகிறான்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட பிள்ளையை மானத்துக்கு அஞ்சி மறைத்து வைக்காதீர்கள். குடித்த குற்றத்திற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். செயல் பாவம்தான், அடிமைப்பட்ட நிலையோ மருத்துவம் தேவைப்படும் நோய். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கேளுங்கள். ஜமாஅத்தார் அந்தக் குடும்பத்தை ஒதுக்காமல், பள்ளியின் முன்வரிசையில் அந்த இளைஞனுக்கும் இடம் விட வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் ஈமானையும் பாதுகாப்பானாக! சிக்கித் தவிப்போருக்கு மீளும் வழியை எளிதாக்குவானாக! ஆமீன்.