சக்கரம் இருக்குல்ல?

2024 டிசம்பரில் லீவுக்கு வீட்டுக்கு வந்த அன்றைக்கே மாமா சொன்னார்: "அந்தப் பெட்டிய பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துறலாம்னு இருக்கோம். சும்மா இடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு."

பெட்டி என்று எங்கள் வீட்டில் சொல்வது தாத்தாவின் லாண்ட்மாஸ்டர் ட்ரெய்லரை. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில், எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பக்கத்தில், சவ்சவ் கொடி ஏறி, கோழி முட்டையிடும் இடமாக அது நின்றுகொண்டிருந்தது. டயர் ரெண்டும் இல்லை. கல்லுக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். தாத்தா செத்து அப்போது ஆறு வருஷம்.

நாங்கள் மூன்று பேர். ரெண்டு பேர் கம்பஸில் கலைப்பீடம், ஒருத்தன் கொழும்புக் கடை வேலையை விட்டுட்டுத் திரும்பி வந்தவன். மூன்று பேருக்கும் ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் "விக்க வேணாம் மாமா, நாங்க செஞ்சி காட்டுறோம்" என்று வாய்விட்டு விட்டோம். இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி, "அதுல இன்னொரு தடவ கதிர்காமம் போயிட்டா போதும்"னு சொன்னுச்சு. அதோடு பின்வாங்க வழியில்லாமல் போய்விட்டது.

லாண்ட்மாஸ்டர் தெரியாதவர்களுக்கு: ரெண்டு சக்கரக் கை உழவு இயந்திரம், பின்னால் ஒரு பெட்டி. கூபோட்டா என்றாலும் சைனா மெஷின் என்றாலும் இந்த நாட்டில் அதற்குப் பெயர் லாண்ட்மாஸ்டர்தான். அந்தப் பெயர் 1950களில் இங்கிலாந்தில் தயாரான ஒரு மெஷினுடையது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). சின்ன விவசாயிக்கு ஏற்ற சின்ன மெஷின் என்பது அவருடைய யோசனை. பிற்காலத்தில் அவரே அதை விமர்சித்தார்: நாங்கள் விவசாயத்தை மாற்றவில்லை, எருமை செய்த வேலையை மெஷினிடம் கொடுத்தோம், அவ்வளவுதான் என்ற மாதிரி. பிறகு உழாமலே பயிர் செய்யும் முறைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

எங்கள் தாத்தாவுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அவருக்கு உழ ஒரு வயலும் இல்லை. 1991-ல் 55 வயதாகி, ஈ.பி.எப். காசு கைக்கு வந்ததும், கீழ்க் கிராமத்தில் ஒரு சிங்கள ஐயாவிடம் பழைய வண்டியை வாங்கினார். மரக்கறி ஏற்றினார், விறகு ஏற்றினார், கல்யாண வீட்டுக்குக் கதிரை ஏற்றினார். எங்கள் அக்கா வயிற்றில் இருந்தபோது வலி வந்த அம்மாவை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதில்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடியில், மேலே மூங்கில் வளைத்து, படங்கு கட்டி, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கதிர்காமம் போவார்.

எல்ல, ராவணா எல்ல, வெல்லவாய, புத்தள, அங்கிருந்து கதிர்காமம். கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர். ஆள் ஓடினால் பிடித்துவிடக்கூடிய வேகம். ராத்திரி புறப்பட்டால் மறுநாள் மத்தியானத்துக்கு மேலேதான் போய்ச் சேரலாம். எல்லயிலிருந்து வெல்லவாய வரைக்கும் ஒரே இறக்கம், பெட்டிக்குத் தனியாக பிரேக் கிடையாது. அதனால் அந்த இறக்கத்தில் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு ஆப்புக்கட்டையோடு பின்னாலேயே நடப்பார்களாம், வண்டி வேகம் எடுத்தால் சக்கரத்துக்கு முன்னால் போட. பெட்டிக்குள் அரிசி, சட்டி, பாய், தூங்கும் பிள்ளைகள். ராவணா எல்லயில் நிறுத்திக் குளித்து, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, மறுபடியும் டுப் டுப் டுப். இதெல்லாம் எங்களுக்குக் கதைதான். நாங்கள் விவரம் தெரிந்து பார்த்தபோது பெட்டிக்குள் கோழி இருந்தது.

வேலையைப் படிக்க யூடியூபுக்குப் போனோம். அமெரிக்காவில் 1950கள், 60களின் ட்ரவல் ட்ரெய்லர்களை வீட்டிலேயே திருத்துகிறவர்கள் ஒரு பெரிய கூட்டம். 1930களிலிருந்து வரும் ஏர்ஸ்ட்ரீம் என்கிற வெள்ளி நிற ட்ரெய்லர் அவர்களுக்குச் சாமி மாதிரி. அருமையாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒரு வீடியோ இப்படி ஆரம்பித்தது: முதலில் ட்ரெய்லரை உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சமமான கொங்கிரீட் தரையில் நிறுத்திக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று பேரும் சுற்றிப் பார்த்தோம். முன்னால் கான், பின்னால் மண்மேடு, பக்கத்தில் அடுத்த காம்பராவின் கொடிக்கயிறு. சமமான இடம் என்று பார்த்தால் பெரட்டுக் களம்தான். அது தோட்டத்துக்குச் சொந்தம். யோசித்தால் பெட்டி நின்ற இடமும் தோட்டத்துக்குச் சொந்தம்தான். அந்த விஷயம் பின்னால் வரும்.

முதல் வாரம் செய்ததெல்லாம் தப்பு. கம்பி பிரஷ்ஷால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு, ஆசைக்கு நீலப் பெயின்ட் அடித்தோம். ரெண்டு நாள் மழை. மூன்றாம் நாள் பெயின்ட் கொப்பளித்து நின்றது. வாங்கி வந்த சவுக்குப் பலகைகளை அப்படியே தளத்தில் இறுக்கினோம். மரக்காலையில் ஈரப் பலகையைக் கொடுத்திருக்கிறார்கள்; அது காயக் காயச் சுருங்கி, ரெண்டு வாரத்தில் பலகைக்குப் பலகை பெருவிரல் நுழையும் இடைவெளி. மாமா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அது திட்டியதைவிட மோசம்.

கடைசியில் கீழ்க் கிராமத்துக் கராஜ் பாஸிடம் போனோம். சிங்களவர், எங்கள் தாத்தாவைத் தெரிந்தவர். பெட்டியைப் பார்த்ததும் சின்னச் சுத்தியலை எடுத்து செசியைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இரும்பு 'டிங்' என்றது. உளுத்த இடம் 'டொக்' என்றது. சோக்கட்டியால் அந்த இடத்திலெல்லாம் வட்டம் போட்டார். மொத்தம் ஏழு வட்டம். "துரு மேல பெயின்ட் அடிச்சா, அவன் உள்ளுக்கு இருந்து சாப்பிடுவான் புதா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னபடிதான். இறுகிப்போன போல்ட்டுகளுக்கு ராத்திரியே டீசல் ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் கழற்றுவது. இரும்பை வெள்ளையாகத் தெரியும்வரை தேய்ப்பது. தேய்த்த இடத்துக்கு அன்றைக்கே, பனி இறங்குவதற்குள், ரெட் ஒக்சைட் அடிப்பது. எங்கள் ஊரில் பின்னேரம் மூன்று மணிக்கே பனி வந்து சட்டையை நனைக்கும். அதனால் ஒரு நாளைக்கு ரெண்டு அடி நீளம்தான் முடிந்தது. சக்கரத்து பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து அழுத்தி அழுத்தி உள்ளே ஏற்ற வேண்டும். வண்டியோடு மாட்டும் முள்ளாணியின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அதில் ஒரு இரும்பு வளையத்தை வைத்து பாஸ் வெல்டிங் பிடித்துக் கொடுத்தார். பலகைகளைக் கழற்றி, லயத்துக் கூரைக்குக் கீழே அடுக்கிக் காயவைத்து, ஜனவரிக் கடைசியில் மறுபடியும் இறுக்கினோம். பலகைகளுக்கு அடியில் பழைய எஞ்சின் ஒயில் பூசினோம், உளுக்காமல் இருக்க.

டயர்தான் பெரிய செலவு. ரெண்டும் சேர்த்து 40,000 ரூபா. அம்மா கொழுந்து பறிக்கும் ஒரு நாள் சம்பளம் அப்போது 1,350 ஆக இருந்தது. கணக்குப் போட்டால் முப்பது நாள். நாங்கள் கணக்குப் போட்டதை அம்மா பார்த்துவிட்டார். "டயருன்னா டயரு விலைதான்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் சீட்டுக் காசில் பாதியைக் கொண்டுவந்து தந்தார். மீதி எங்கள் மஹாபொல மிச்சமும் கொழும்புக்காரனின் சேமிப்பும்.

பெட்டியின் முன்பலகை மட்டும் உளுக்காமல் இருந்தது. அதைத் தேய்க்கும்போது நீலத்துக்குக் கீழே சிவப்பு வந்தது. சிவப்பில், தாத்தா கையால் எழுதிய 'முருகன் துணை'. 'ன்' புள்ளி இல்லாமல் இருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தோம். கீழே பச்சை, அதில் சிங்கள எழுத்தில் 'புதுசரணய்', பழைய சொந்தக்காரர் எழுதியது. தாத்தா அதைச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே மெல்லிசாக ஒரு கோட் அடித்து எழுதியிருக்கிறார். அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. பழையபடி ஆக்குவது என்றால் எந்தப் பழையபடி? தாத்தாவின் வருஷமா, அதற்கு முந்தின ஐயாவின் வருஷமா? கடைசியில் அந்தப் பலகையை மட்டும் தேய்ப்பதை நிறுத்தி, ரெண்டும் அரைகுறையாகத் தெரியும்படி அப்படியே வார்னிஷ் பூசினோம். கதிர்காமம் போகும் வண்டிக்கு அது சரியாகத்தான் இருக்கும் என்று அப்பாயி சொன்னுச்சு.

பிப்ரவரியில் மழைக்காகப் பெட்டிக்கு மேலே ஜி.ஐ. பைப் வளைத்துப் படங்கு கட்டினோம். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு சின்ன அறை மாதிரியே இருந்தது. அதனால்தானோ என்னவோ, ரெண்டாம் நாளே தோட்டத்திலிருந்து ஒருத்தர் வந்தார்.

"இது என்ன? யார்கிட்ட கேட்டுக் கட்டுனீங்க?"

அப்பா பெட்டியைக் காட்டி விளக்கினார். அவர் கேட்கிற மாதிரி இல்லை. "தோட்டத்துக் காணியில நிரந்தரமா ஒண்ணும் கட்டக் கூடாது, தெரியும்தானே?"

அப்பாயி இஸ்தோப்பிலிருந்து எழும்பாமலே கேட்டுச்சு: "கட்டல ஐயா. சக்கரம் இருக்குல்ல?"

வந்தவர் குனிந்து பார்த்தார். சக்கரம் இருந்தது, புது டயரோடு. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அன்று ராத்திரி அதை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்த லயத்தில் எங்கள் தாத்தாவின் தாத்தா இருந்திருக்கிறார். 1975-ல் தோட்டம் அரசாங்கத்துக்கு மாறியது, 1992-ல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, நாங்கள் அதே காம்பராவில்தான். சுவரில் ஒரு ஆணி அடிக்க யோசிக்க வேண்டும், பின்னால் ஒரு கக்கூஸ் கட்டக் கேட்க வேண்டும். 2014 அக்டோபர் 29-ல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் மூடுப்பட்ட பிறகு, ஏழு பேர்ச் காணி, தனி வீடு என்ற பேச்சு பலமாகக் கேட்டது. சில இடங்களில் வீடும் வந்தது. எங்கள் மேட்டுக்கு இன்னும் வரவில்லை. ஓடக்கூடிய பெட்டி எங்களுடையது. ஓடாத வீடு எங்களுடையது இல்லை.

இதை நாங்கள் சும்மா வசனமாகச் சொல்லவில்லை. தாத்தாவின் தகரப் பெட்டியில் வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். 1948 சட்டத்தால் நாடற்றவராகி, 1988 சட்டத்துக்குப் பிறகு அடையாள அட்டை எடுத்த மனிதர் அவர். மூன்று வருஷத்தில் இந்தப் புத்தகம். 'உரிமையாளர்' என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தில் யாருடைய பெயரும் எழுதப்பட்ட வேறொரு கடதாசி எங்கள் வீட்டில் இல்லை. அதனால்தான் அவர் அதை பொலித்தீனில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார் போல. முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர். லயத்து நம்பர்கூட இல்லை. எங்கள் பிரிவில் எல்லாருக்கும் அதே முகவரிதான்.

இப்போது அதை அப்பாவின் பெயருக்கு மாற்ற அலைந்துகொண்டிருக்கிறோம். மரணச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. மாமா பழைய இரும்பு விலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். போன கிழமை அவரே கிரீஸ் டின் ஒன்று வாங்கி வந்தார்.

தாத்தாவின் எஞ்சின் இறுகிப்போய்க் கிடக்கிறது, அது எங்கள் கையை மீறிய வேலை. அதனால் மாசி மகத்தன்று பக்கத்துப் பிரிவு அண்ணனின் லாண்ட்மாஸ்டரை இரவல் வாங்கிப் பெட்டியை மாட்டினோம். பாய் விரித்து அப்பாயியை ஏற்றினோம். தோட்டத்து ரோட்டில் கோயில் வரைக்கும் ரெண்டு கிலோமீற்றர். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடி வந்தார்கள். இறக்கத்தில் நாங்கள் ஆளுக்கொரு ஆப்புக்கட்டையோடு நடந்தோம். எங்கேயும் போட வேண்டி வரவில்லை, ஆனாலும் கையிலேயே வைத்திருந்தோம். கோயில் வாசலில் இறக்கிவிட்டு எப்படி இருந்தது என்று கேட்டோம்.

"குலுக்குது. ஒங்க தாத்தா ஓட்டுனா இப்படிக் குலுக்காது."

கதிர்காமம் வரைக்கும் மெயின் ரோட்டில் ஆளேற்றிப் போகும் தைரியம் எங்களுக்கு இல்லை. அரிசி, சட்டி, பாய் எல்லாம் பெட்டியில் போகட்டும், ஆட்கள் பஸ்ஸில் போவோம் என்பது எங்கள் திட்டம். அப்பாயி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டிக்கு பிரேக் வைக்க ஒரு வழி இருக்கிறது என்று பாஸ் சொல்லியிருக்கிறார். ஆடிக்கு நாலு மாசம் இருக்கிறது.