ஜன்னல் கம்பி

லோணாவளா லோக்கலில் கட்கியைத் தாண்டினால் தாபோடி. மகாராஷ்டிர அரசின் எஸ்.டி. பஸ்களுக்கு மத்தியப் பணிமனை இருக்கும் ஊர். நான் போனதும் ஒரு பஸ்ஸைப் பார்க்கத்தான், ஆனால் திரையில். மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஓர் இருட்டறை. ஆறு பேர் கம்பாசிட்டிங், அதாவது படத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே காட்சியாக்கும் வேலை, செய்கிறார்கள். ஒருவர் கட்கித் தமிழர். தாத்தா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவராம்.

"வாங்கண்ணா. இந்தக் கம்பிதான் நாலு நாளா உயிரை வாங்குது."

பஸ்ஸுக்குள்ளிருந்து எடுத்த ஷாட். கேமராவை ஒட்டி ஜன்னல் கம்பி, வெளியே ஒரு பெண், அவளுக்குப் பின்னால் ராத்திரி விளக்குகள். எல்லாமே பளிச்சென்று விழுந்திருந்தது. இயக்குநருக்கு இப்போது அவள் மட்டும் தெளிவாக வேண்டும்.

"ஒரு பட்டனில் மங்கலாக்க முடியாதா?"

சிரித்துக்கொண்டே அழுத்திக் காட்டினார். விளக்குகள் தண்ணீர் பட்ட மை மாதிரி ஊறிப் போயின. பொய் என்று எனக்கே தெரிந்தது. லென்ஸில் ஃபோகஸ் விலகிய விளக்கு கரையாது. துவாரத்தின் வடிவத்தில், ஓரம் தெரிகிற தட்டாக விரியும். அதன் முழு வெளிச்சமும் கோப்பில் பதிந்திருக்க வேண்டும். வெள்ளையோடு வெட்டுப்பட்டிருந்தால் விரித்ததும் சாம்பல் பூத்துவிடும்.

எது எவ்வளவு தூரம் என்று மென்பொருளுக்குச் சொல்வது டெப்த் பாஸ் என்கிற கறுப்பு வெள்ளைப் படம். கணினியில் உருவாக்கிய காட்சிக்கு அது கூடவே வரும். கேமராவில் எடுத்ததற்குத் தனியாக உருவாக்க வேண்டும். அதிலும் தலைமுடி பெரும் தொல்லை. ஒரு பிக்சலில் பாதி முடி, பாதி பின்னணி என்றால், டெப்த் பாஸ் சராசரி போட்டு, ஒன்றுமே இல்லாத நடுவெளியில் ஒரு தூரத்தைக் காட்டிவிடும். தலையைச் சுற்றி ஒளிவிளிம்பு விழும், சாமி படம் போல.

கம்பிக்கு வருவோம். 50 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் திறந்தால் துவாரம் 25 மி.மீ. அகலம். விரல் பருமன் கம்பி அதற்கு வெகு அருகில் இருந்தால், லென்ஸ் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிடும். கம்பி புகையாகி, பின்னால் இருப்பது தெரியும். எடுத்த படத்திலோ கம்பிக்குப் பின்னால் எதுவும் கிடையாது. மென்பொருள் எதைக் காட்டும்?

அதனால் முதலில் கம்பியைச் சுற்றி ரோட்டோ, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக விளிம்பு வரைந்து பிரித்தெடுப்பது. பஸ் நகர நகர, ஒரு ஃபிரேமில் மறைந்த கன்னம் இன்னொன்றில் வெளிப்படும்; அதை எடுத்து வந்து ஒட்டி, கம்பியே இல்லாத படத்தைச் செய்கிறார். பிறகுதான் தனியாக மங்கலாக்கிய கம்பியை மேலே வைப்பது. 5 விநாடி ஷாட், 120 ஃபிரேம். நான் பார்த்தவரை மங்கலாக்குவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை; நாலு நாளும் மறைந்ததை மீட்பதில்தான் போயிருக்கிறது.

கம்பிக்குப் பின்னால் இருப்பது தெரியும் என்பதை நம்பாதவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணுக்கு முன்னால் மெல்லிய ஈர்க்குச்சியைக் குறுக்காக, கண்ணில் படாமல், நெருக்கிப் பிடித்து, எதிர்ச் சுவர் காலண்டரைப் பாருங்கள். தேதி தெரியும்.